படம் தின்னும் விருந்தாளி

ஆடி மாதத்துக் காற்று கணவாய் வழியாக இறங்கி வந்து, உடுமலைப்பேட்டை மில் காலனியின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒரு வீட்டுக் கொடியில் காயும் துணியை இன்னொரு வீட்டு முருங்கை மரத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, அதற்காக இரண்டு வீட்டுக்காரர்களும் சண்டை போடுவதை நின்று கேட்கக்கூட நேரமில்லாமல் கிழக்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற தெய்வசிகாமணியின் கம்ப்யூட்டரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் கேட்காமல் வரவில்லை. திரையில் ஒரு சின்னக் கட்டம் தோன்றி 'உள்ளே வர அனுமதிக்கிறீர்களா' என்று கேட்டது; தெய்வசிகாமணி 'ஆம்' என்பதை அழுத்தினார். இதைப் பின்னால் பெரிய குற்றமாகப் பேசினார்கள், அதிலும் தங்கள் வீட்டில் அதே கட்டத்தில் அதே 'ஆம்' என்பதை அழுத்தியவர்கள்தான் அதிகம் பேசினார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வாசலில் நின்று வரலாமா என்று கேட்பவரிடம் யார்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்? முதலில் வாங்க என்போம், பிறகு உட்காருங்க என்போம், சொம்பில் தண்ணீர் கொடுப்போம், அதைக் குடித்து முடித்த பிறகுதான் எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று மெல்ல ஆரம்பிப்போம். எப்போது கிளம்புவீர்கள் என்று மட்டும் கேட்கவே மாட்டோம். கேட்டது கம்ப்யூட்டராக இருந்தாலும் கேள்வி கேள்விதானே என்று தெய்வசிகாமணி நினைத்ததில் எங்களுக்கு இன்றைக்கும் தப்புத் தெரியவில்லை.

வந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காலில் செருப்பில்லை, கையில் பையில்லை. முகம் ஆதார் அட்டைப் படம் மாதிரி, யாருடையதாகவும் இருக்கலாம் என்பதுபோல் இருந்தது. தெய்வசிகாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார், அவர் தொடவில்லை.

"தங்கள் அனுமதிக்கு நன்றி," என்றார் வந்தவர். "தொடர்ந்து இருக்க அனுமதிக்கிறீர்களா?"

"தாராளமா இருங்க," என்றார் தெய்வசிகாமணி.

அந்த வீட்டில் அவரைத் தவிர இன்னொருவர் வாய் திறந்து பேசி வெகு காலம் ஆகியிருந்தது. மனைவி பழனியம்மாள் இறந்து இரண்டு ஆடி கடந்துவிட்டது. மகள் கோகிலா மெல்பர்னில் இருந்தாள். ஞாயிறுதோறும் கம்ப்யூட்டரில் முகம் காட்டி, சாப்ட்டீங்களாப்பா என்பாள், சாப்ட்டேன் கண்ணு என்பார், அங்கே குளிரா என்பார், குளிர்தான்ப்பா என்பாள், அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒருவர் வீட்டு மின்விசிறியை இன்னொருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மற்ற நாட்களில் குழாய் பேசும், குக்கர் பேசும், அவ்வளவுதான். தனியாக இருக்கிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது தேவைக்கு மேல் நாலு வார்த்தை பேசுவார்; அடுத்த வீட்டில் குடியிருந்துகொண்டு தெரு முனையில் பால் பூத் வைத்திருக்கும் சுலோச்சனாவும் வரிசையில் ஆள் நின்றாலும் பதில் சொல்வாள்; அதை வைத்துக்கொண்டு அவர் அந்த நாளை ஓட்டிவிடுவார்.

அவருடைய குடும்பம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. காகிதப் படங்களைக் கரையான் அரிக்கத் தொடங்கியபோது கோகிலா எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றி, கல்யாணத்திலிருந்து வருடம் பார்த்து அடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தாள். வரிசையின் கடைசியில் ஒரு வீடியோ. ஒரு நிமிஷம்கூட ஓடாத அதை எடுத்தவர் தெய்வசிகாமணியே. பழனியம்மாள் துணி மடித்துக்கொண்டே பேசுவது அதில் மட்டும்தான் இருக்கிறது, அவள் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை அவர் தினமும் போட்டுப் பார்ப்பார். பார்த்துப் பார்த்து, அவள் என்ன சொல்கிறாள் என்பது காதில் விழாமல் குரல் மட்டும் விழுகிற அளவுக்கு வந்துவிட்டிருந்தார்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் கல்யாணப் படங்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் இருந்தன. விருந்தாளி நாற்காலியில் வயிறு நிறைந்தவராக உட்கார்ந்திருந்தார். முகத்தில் நேற்றில்லாத களை வந்திருந்தது. தெய்வசிகாமணிக்குக் கோபம் வந்தது. என்ன காரியம் செய்தீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தார், அதற்குள் விருந்தாளி ஆரம்பித்துவிட்டார். அறிவிப்புப் பலகை போலப் பேசிய நேற்றைய தமிழ் போய் எங்கள் ஊர்ப் பேச்சு வந்திருந்தது.

"மணவறையில புகை சாஸ்தியுங்க. போட்டோக்காரர் இங்க பாருங்கன்னாரு, நீங்க பாத்தீங்க. அம்மா பாக்கலை. மாலை உரசி உங்க கழுத்து செவந்து கெடந்துச்சு, அதைப் பாத்துட்டிருந்தாங்க. படத்துல தலை குனிஞ்ச மாதிரித்தான் தெரியும்."

கல்யாணத்தன்று சாயங்காலம் பழனியம்மாள் ஒன்றும் சொல்லாமல் விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு அவர் கழுத்தில் தடவியது தெய்வசிகாமணிக்கு நினைவிருந்தது. ஏன் தடவினாள் என்று அவர் அத்தனை வருடமும் கேட்டதில்லை. எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொறவு?" என்றார்.

அந்தப் பொறவு ஆடி முழுக்க ஓடியது. விருந்தாளி விடிவதற்குள் ஒரு வருடத்துப் படங்களைத் தின்றார், விடிந்ததும் அந்தப் படங்களின் ஓரத்துக்கு வெளியே இருந்ததையெல்லாம் சொன்னார், தெய்வசிகாமணி எதிரே உட்கார்ந்து கேட்டார். பழனி மலையில் குழந்தைக்கு மொட்டை போட்ட படத்தைத் தின்ற அன்று, படிக்கட்டு கொதித்ததையும், பழனியம்மாள் சிரித்துக்கொண்டே புருஷனுடைய வெறுங்காலைப் பார்த்து, இவருக்குச் சுடுமே என்று நினைத்ததையும் சொன்னார். எல்லாப் படத்திலும் தெய்வசிகாமணி கேமராவைப் பார்த்திருந்தார். எல்லாப் படத்திலும் பழனியம்மாள் வேறெங்கோ பார்த்திருந்தாள், அந்த வேறெங்கோ பெரும்பாலும் அவராகவே இருந்தார். கேட்கக் கேட்க அவருக்குச் சமைக்கத் தோன்றவில்லை. விருந்தாளி படத்தைத் தின்றார், வீட்டுக்காரர் ஒன்றும் தின்னவில்லை. சட்டைக் காலரில் கழுத்து ஆடத் தொடங்கியது.

எங்கள் தெரு இதற்கெல்லாம் மலைத்துப்போய் நிற்கிற தெரு இல்லை. முதல் வாரமே எல்லாரும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பார்த்துவிட்டு, எங்க வீட்டிலேயும் ஒருத்தர் வந்திருக்கார் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் வீட்டில் வந்தவர் நடந்தால் கால் எடுத்துவைக்கவே காபி ஆறிவிடும்; அவர் வந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே மெதுவாகி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஹெட்மாஸ்டரின் மனைவி கோயிலுக்குப் போய் அர்ச்சனை முடித்துத் திரும்பி வந்த பிறகும் பால் பொங்காமல் இருந்தது. டெய்லர் வீட்டுக்கு ஒரு பெண்மணி வந்து சேர்ந்தாள். எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் அவள் குடையோடும் இடுப்பு குறைக்கும் பொடியோடும் கோயமுத்தூர் மனையிடத்தின் படத்தோடும் நின்று, இன்றைக்கு மட்டும் பாதி விலை என்பாள். இன்னொரு வீட்டில் வந்தவர் யார் எதைப் பேசினாலும் பின்னாலேயே வந்து அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டார், அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஜாடையில் பேசப் பழகி, அதனால் சண்டை குறைந்தது என்றும் சொன்னார்கள்.

தெரு இந்த விருந்தாளிகளுக்கு இடம் செய்து கொடுத்தது. மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் அவர்களுக்கென்று ஒரு பந்தி ஒதுக்கினார்கள், சாப்பிடாவிட்டாலும் இலை போட வேண்டியது மரியாதை என்பதால் இலை போட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் குடும்பத்தோடும் கம்ப்யூட்டர்காரரோடும் வந்து வாழ்த்துமாறு அச்சடித்தார்கள். போர்வெல் தண்ணீரை அவர்கள் பயன்படுத்தலாமா என்று காலனி நலச் சங்கத்தில் விவாதம் வந்து, அவர்கள் குளிப்பதே இல்லை என்று தெரிந்ததும் தீர்மானம் கைவிடப்பட்டது.

இப்படியே போயிருந்தாலும் போயிருக்கும், சுலோச்சனா மட்டும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால். தன் மகள் கல்யாணப் படங்களை தெய்வசிகாமணியின் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெகு நாள் ஆசை. வந்தாள், போட்டாள், விருந்தாளியும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், பார்த்து முடித்து அவள் பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனபோது விருந்தாளியும் அதில் ஏறிக்கொண்டு போனார். இங்கேயும் இருந்தார், அங்கேயும் இருந்தார். நாலைந்து நாளில் சுலோச்சனாவின் வீட்டுக் கம்ப்யூட்டரில் மகள் பிறந்ததிலிருந்து புருஷன் வீட்டுக்குப் போனது வரைக்கும் அத்தனை படங்களும் சாம்பல் கட்டங்களாயின.

அவள் சண்டைக்கு வரவில்லை. அடுத்த நாள் காலை பால் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டு, தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"உங்க வீட்டு ஆளு எங்க வீட்டுல சாப்ட்டுப்புட்டாருங்க."

எப்போதும் அண்ணா என்பாள். அன்றைக்கு அந்த அண்ணா இல்லை. மறுநாளும் இல்லை. அவர் தேவைக்கு மேல் பேசிய நாலு வார்த்தைக்கும் பதில் வரவில்லை, வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே நலச் சங்கம் கூடியது. விருந்தாளிகளை வெளியேற்றக் காவல்காரர் வேண்டும் என்று முடிவாகி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இதயத்துல்லாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சமுதாயக் கூடத்தில் உட்காரவைத்தார். தெருவுக்கு இது புதிதென்றாலும் ஒரு ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு எங்களிடம் ஒரு முறைதான் உண்டு; ஆகவே ஜமுக்காளம் விரித்து, பஜ்ஜியும் காபியும் வைத்து, மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்தோம்.

"ஏனுங் தம்பி, இதுக்கு முன்னால எந்தெந்த வீட்டுல இருந்தீங்க? ஏன் அங்கிருந்து நின்னீங்க?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

முதலாமவர் சிரித்த முகமாக இருந்தார். "எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாமுங்க, சும்மாவே இருப்பேன்," என்றார்.

"சும்மா இருக்கறதுக்கு எங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்காரு," என்றார் ஹெட்மாஸ்டரின் மனைவி. ஹெட்மாஸ்டர் பஜ்ஜித் தட்டைப் பார்த்தார்.

ஒரு நாள் வீடுகளில் வைத்துப் பார்த்ததில் முதலாமவர் நல்லவராகத்தான் இருந்தார், ஆனால் மணிக்கு ஒருமுறை படுக்கையறைக் கதவைத் தட்டி, எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டால் இன்னும் பத்திரம் என்றார். டீக்கடையில் யார் கேட்டாலும் எந்த வீட்டு பீரோவில் என்ன இருக்கிறது என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டும் வந்தார். இரண்டாமவர் வாட்டசாட்டமானவர். அவர் சோபாவில் உட்கார்ந்ததும் விளக்கு மங்கியது, மின்விசிறி நின்று நின்று சுற்றியது, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவருக்கு எல்லார் மேலும் சந்தேகம். தபால்காரரைப் பிடித்து வைத்தார், பல்லியை விசாரித்தார், ஹெட்மாஸ்டரின் பென்ஷன் காகிதத்தைத் திருட்டுச் சாமான் என்று சொல்லிக் குளியலறையில் போட்டுப் பூட்டினார்.

மறுபடியும் ஜமுக்காளமும் பஜ்ஜியுமாகக் கூடி, இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தபோது, இதயத்துல்லா கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"கம்ப்யூட்டர் வாங்கறப்பவே கூட ஒருத்தரு வந்திருப்பாருங்களே, அவரை என்ன பண்ணுனீங்க?"

தெரு மொத்தமும் வீட்டுக்குப் போய்த் தேடியது. இருந்தார்கள். பீரோவுக்குப் பின்னால், கதவு மூலையில், மாடிப்படி அடியில், காக்கிச் சட்டையில் தூசி படிந்து, ஒட்டடை தோளில் தொங்க, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். வந்த புதிதில் அதைச் செய்யலாமா இதைத் திறக்கலாமா என்று ஓயாமல் கேட்டதால், கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். சொன்னதை மறந்தும் போயிருந்தோம்.

"வீட்டுக்காரங்க சொன்னாத்தான் எந்திரிப்பாரு, நான் சொன்னா எந்திரிக்க மாட்டாரு," என்றார் இதயத்துல்லா. "தெனமும் காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வர விடுங்க. ஊருக்குள்ள புதுசா எவன் எறங்கியிருக்கான்னு அங்கதான் தெரியும். அப்புறம் போயிக்கலாம்னு தள்ளிப்போடச் சொன்னீங்கன்னா போன வருசத்துத் திருடனையே தேடிட்டிருப்பாரு. முக்கியமானதை ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல வைங்க. பொறவு, யாராச்சும் வந்து வரலாமான்னு கேட்டா, யாருன்னு கேட்டுட்டுத் தண்ணி குடுங்க."

கடைசியாகச் சொன்னதுதான் தெருவுக்குச் சங்கடமாக இருந்தது.

தெய்வசிகாமணி தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரே ஒரு வீடியோ இருக்குதுங்க. அதைக் காப்பி எடுக்கலாமுங்களா?"

"மொதல்லயே எடுத்திருக்கோணும். இப்ப எடுத்தா அந்த ஆளும் கூடவே ஏறிக்குவாரு. அவரை வெளியேத்திட்டு எடுங்க," என்றார் இதயத்துல்லா. "தின்ன படமெல்லாம் அவரோட போயிரும். தின்னாதது தங்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வீடு காவல்காரர்களை எழுப்பினார்கள். அவர்கள் தூசியைத் தட்டிக்கொண்டு, கேள்வி கேட்டு, கதவைத் திறந்து, விருந்தாளிகளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். விருந்தாளிகளும் முரண்டு பிடிக்காமல் வாசலில் நின்று வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்கள். அங்கேதான் தெரு தவறு செய்தது. வீட்டிலிருந்து கிளம்புகிற ஒருவரை அனுப்ப எங்கள் வாயில் வேறு சொல் கிடையாது. ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொருவரும் கைகூப்பி, போயிட்டு வாங்க என்றார்கள். விருந்தாளிகள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள், சொன்ன சொல் தவறாமல் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். நீங்கதானே வாங்கன்னு சொன்னீங்க என்று ஹெட்மாஸ்டர் வீட்டு விருந்தாளி மெதுவாகச் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

அந்த வாரம் முழுக்கத் தெரு வெறுமனே 'போங்க' என்று சொல்லப் பழகியது. நாக்கு பாதியில் நின்றது. டெய்லர் தையல் மெஷினைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார், ஹெட்மாஸ்டரின் மனைவி சொல்லிவிட்டு, மங்கலக்குறைவாகப் பேசிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், சுலோச்சனா பூனையிடம் பழகினாள், பூனை திரும்பி வரவே இல்லை. அடுத்த ஞாயிறு ஒவ்வொரு வாசலிலும் அந்தச் சொல் தட்டுத்தடுமாறி வெளியே வந்தது. எல்லாரும் போனார்கள்.

தெய்வசிகாமணி வீட்டு விருந்தாளி மட்டும் போகவில்லை. அந்த வீட்டுக் காவல்காரரை வேறு யாரும் எழுப்ப முடியாது, எழுப்ப வேண்டியவர் இரண்டு ஞாயிறும் எழுப்பவில்லை. விருந்தாளி இருக்கிற வரைக்கும் காற்று திரும்பினால் அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போய்விடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். சுலோச்சனா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். தெருவில் தெய்வசிகாமணியைப் பார்த்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இதுவரை அவர் வீட்டுக்குள்தான் தனியாக இருந்தார், இப்போது தெருவிலும் தனியாக இருந்தார்.

வீட்டுக்குள் விருந்தாளி படங்கள் எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தார். அவருக்கு இப்போது பழனியம்மாளின் நெற்றியும், கோகிலாவின் மூக்கும், தெய்வசிகாமணியின் அப்பாவுக்கு இருந்த காதும் வந்திருந்தன. ஏனுங்க என்று அவர் கூப்பிட்டால் தெய்வசிகாமணி தன்னையறியாமல் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க," என்றார் அந்த வியாழக்கிழமை. "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி இருக்குதுங்க."

"அது வேண்டாம்."

"நீங்க கேமராவை நிறுத்துன பொறவு அம்மா ஒண்ணு சொன்னாங்க. உங்களுக்கு நெனப்பில்லை. படமுன்னா நானே எடுத்துக்குவனுங்க, குரலை நீங்கதான் குடுக்கோணும். அந்த வீடியோவைக் குடுத்தீங்கன்னா சொல்லிருவனுங்க."

தெய்வசிகாமணி யோசித்துப் பார்த்தார். கேமராவை நிறுத்தியது நினைவிருந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் சொன்ன ஒன்று எங்கேயோ இருக்கிறது, கேட்டால் கிடைக்கும், அதற்கு அவள் குரலைக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். குரல் எத்தனை முறை கேட்டாலும் அதே குரல்தான். புதிதாக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவளிடமிருந்து கிடைக்கும் என்றால் யார்தான் ஆசைப்பட மாட்டார்கள்? கொடுத்துவிடலாம் என்றே ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அவர் விரல் தயங்குவதைப் பார்த்த விருந்தாளி, பொழுதுபோகட்டும் என்று வேறொன்றை எடுத்தார்.

"அடுத்த வீட்டம்மா மக கல்யாணத்துல எல்லாப் படத்துலயும் சிரிச்சாங்க. முகூர்த்தம் முடிஞ்சதும் மண்டபத்துச் சாமான் ரூமுல அரிசி மூட்டை மேல உக்காந்து அழுதாங்க. ஏன்னா..."

"நிறுத்துங்க," என்றார் தெய்வசிகாமணி.

எதிரே பேசுகிற ஒருவரை அவர் இப்படி நிறுத்தியது அதுதான் முதல் தடவை. சுலோச்சனா அழுதது இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பின்னால் அவளே, ஆமா அழுதேன், ஏன்னு மட்டும் கேக்காதீங்க என்று சொன்னதால்தான் நாங்கள் இதைச் சொல்ல முடிகிறது. யாருக்கும் காட்டாமல் அவள் சாமான் அறைக்குள் கொண்டுபோய் வைத்ததை இந்த ஆள் தின்றுவிட்டு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார், நான் கேட்கிறேன் என்று தெய்வசிகாமணிக்கு உடம்பு கூசியது. பழனியம்மாளும் கேமரா நின்ற பிறகு சொன்னதை கேமரா நிற்கட்டும் என்றுதானே வைத்திருந்து சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. எழுந்தார். போய் பீரோவை நகர்த்தினார்.

"எந்திரிங்க," என்றார்.

காவல்காரர் கண்ணைத் திறந்து, ஒட்டடையைத் துடைத்துவிட்டு, நாற்காலியைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நிரந்தரமாத்தானுங்களே?"

"ஆமா."

வாசலுக்கு வந்தபோது, பீரோ நகர்ந்த சத்தம் கேட்டுத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. விருந்தாளி கேட்டுக்கு வெளியே போய் நின்று திரும்பி, பழனியம்மாளின் நெற்றியோடு அவரைப் பார்த்தார். அந்த நெற்றியில் அவளுடைய குங்குமத் தழும்புகூட இருந்தது. ஆஸ்பத்திரி வண்டியில் அவளை ஏற்றியபோது, போயிட்டு வா, நான் பின்னாலேயே வர்றேன் என்று அவர் இதே இடத்தில் நின்று சொன்னார். அவள் வரவில்லை. வா என்று சொல்லியும் வராமல் போனவளின் முகத்தைப் பார்த்து, வராதே என்று இப்போது சொல்ல வேண்டியிருந்தது. அவர் உதடு இரண்டு மூன்று முறை கூடிப் பிரிந்தது. சுலோச்சனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"போங்க," என்றார் தெய்வசிகாமணி.

விருந்தாளி திரும்பி நடந்தார். அவர் போகப் போக முதலில் காது போயிற்று, பிறகு மூக்கு, தெரு முனையில் பால் பூத்தைத் தாண்டும்போது நெற்றியும் போய், யாருடையதாகவும் இருக்கக்கூடிய முகத்தோடு தாராபுரம் ரோட்டில் ஏறி மறைந்தார். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

தெய்வசிகாமணியும் உள்ளே வந்தார். நாற்காலி காலியாக இருந்தது. காவல்காரர் கேட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார், பேசுவது அவர் வேலையில்லை. வீடு முன்பிருந்ததைவிட இன்னும் அமைதியாகிவிட்டதுபோல் இருந்தது, அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் வரிசை வரிசையாகச் சாம்பல் கட்டங்கள், கடைசியில் அந்த ஒன்று மட்டும். அதைப் போட்டார்.

பழனியம்மாள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் போல நிமிர்ந்து, அவர் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்தாள். சுவர்க் காலண்டரைப் பார்க்கிறாள் என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இன்றைக்கு, ஒரு மாதம் முழுக்கப் படங்களின் ஓரத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்டுக் கேட்டுப் பழகியதால், அந்த அறையில் அந்தச் சுவரில் காலண்டர் மாட்டியதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்தது கேமராவுக்குக் கொஞ்சம் மேலே இருந்த முகத்தை.

வீடியோவை முதலிலிருந்து போட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றார். அவள் நிமிர்ந்தாள். கண் நேராக அவர் கண்ணில் வந்து நின்றது. தினமும் கேட்ட குரலில், தினமும் கேட்காத வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன.

"எந்நேரமும் அந்தப் பொட்டியவே பாத்துட்டிருந்தா வயிறு நெறஞ்சுருமா? எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க."

படம் நின்றுபோயிற்று. கேமரா நின்ற பிறகு அவள் சொன்னது இனி யாருக்கும் தெரியாது. தெய்வசிகாமணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதார், அழுது முடித்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தார். ஒரு கைப்பிடி போட்டார், யோசித்து இன்னும் ஒரு கைப்பிடி போட்டார். பசித்தது.